பஞ்சு தொட்ட இடம்

— முகம் தேறிடும் கலாக்கா, கவலைப்படாதீங்க. நெத்தி, மூக்கு, கன்னத்து மேடு, இதெல்லாம் வெயில்ல வந்த கறுப்பு. நாலு தடவை பார்லருக்கு வந்தா இறங்கிடும். கழுத்துக்குத்தான் கொஞ்சம் நாளாகும்.

— நாளுக்கு எங்க போறது ஜூலியட்? ஆவணி ஆறு முகூர்த்தம். இன்னிக்கு ஆடி பதினஞ்சு. பொண்ணு பாக்க வந்தப்ப எப்படி இருந்தா! இப்பப் பாரு, கருவாடாக் காஞ்சு கிடக்கா.

— ஏம்மா, நான் என்ன ஊர் சுத்தினேனா? நூறு நாள் வேலையில எழுபது பேரை வச்சுக்கிட்டு வாய்க்கால் தூர்வாரினேன். ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள முடிக்கணும்னு ஆபீசர் உயிரை எடுத்தாரு. குடை பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்றியா?

— பாரதி, பேசாத கண்ணு. மூஞ்சியில பூசின பேக் காயறப்ப வாயைத் திறந்தா வெடிச்சுப்போயிடும்.

— முகம் கிடக்கட்டும் ஜூலியட். இந்த இடது கையைப் பாரு. முழங்கைக்குக் கீழ வெளுப்பா ஒரு வட்டம். போட்டோவுல அதுதான் எடுப்பா நிக்கும். அதை மட்டும் ஒரே நிறமா ஆக்கிக் குடுத்துடு தாயி.

— வெயில்ல கறுக்குமேக்கா. வெளுக்கறதுன்னா தேமலா இருக்கலாம். எப்பலேர்ந்து இருக்கு?

— சித்திரையிலேர்ந்துதான். வெயில்தான்.

— என்னம்மா சொல்ற? பொங்கலுக்கு வளையல் போடறப்ப நீதான முதல்ல பாத்த? அன்னிலேர்ந்து களிம்பு களிம்பாத் தேச்சுவிட்டுக்கிட்டு இருக்க!

— மெடிக்கல்ல தேமலுக்குன்னு கேட்டு வாங்கினதுதான். அதுவா இப்ப முக்கியம்? நீ சுடுதண்ணித் துண்டால ஒத்தடத்தைப் போடு ஜூலியட்.

— போடறேன். வலது கையைக் குடு பாரதி.

— ஸ்ஸ்... ஐயோ, சுடுதுக்கா!

— ரொம்பவா? இரு. இடது கையில அந்த வட்டத்து மேல துண்டோட ஓரத்தை மட்டும் வச்சுப் பாக்கறேன். எப்படி இருக்கு?

— நல்லா இருக்கு. இந்தத் துண்டு ஆறிடுச்சா?

— இல்லயே. அதே துண்டுதான். அட மாதாவே... எடுத்துட்டேன், எடுத்துட்டேன். தோல் சிவந்துபோச்சே! உனக்குச் சுடவே இல்லையா?

— இல்லயேக்கா.

— கலாக்கா, அந்தக் கதவைச் சாத்துங்க.

— எதுக்கு?

— சாத்துங்க, சொல்றேன். பாரதி, கண்ணை மூடிக்க. பஞ்சைத் திரிச்சு மெதுவாத் தொடுவேன். எங்க தொடறேன்னு சொல்லணும். இப்ப?

— மணிக்கட்டு.

— இப்ப?

— முழங்கை மடிப்பு. கூசுது.

— இப்ப?

— ...

— இப்ப, பாரதி?

— தொடுங்கக்கா.

— தொட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்.

— விளையாடாதீங்க. நான் கண்ணைத் திறக்கப்போறேன்... அக்கா. பஞ்சு என் கை மேலதான் இருக்கு.

— எந்திரிடி. போதும். வீட்டுக்குப் போலாம்.

— மூஞ்சியில இதோடவா? உக்காரும்மா. என்னக்கா இது?

— எங்கப்பா முப்பது வருஷம் தொழுநோய் ஆஸ்பத்திரியில புண்ணுக்குக் கட்டுப்போடற வேலை பாத்தவரு. அங்க இப்படித்தான் பஞ்சு வச்சுப் பாப்பாங்க. நான் டாக்டர் இல்ல, முடிவாச் சொல்ல மாட்டேன். ஆனா...

— அந்தப் பேரைச் சொல்லாத ஜூலியட்! பத்திரிகை குடுத்தாச்சு. உனக்குத் தெரியாது. எங்க பெரியம்மாவை இதுக்குத்தான் மாட்டுக்கொட்டகையில வச்சிருந்தாங்க. சோத்தை இலையில போட்டுக் கம்பால தள்ளிவிடுவாங்க. செத்தப்ப தூக்க நாலு பேர் வரல.

— அது அந்தக் காலம்க்கா. இப்ப மாத்திரையிலயே குணமாயிடும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில சும்மாவே குடுக்கறாங்க. கல்யாணமும் பண்ணிக்கலாம், புள்ளையும் பெத்துக்கலாம். தள்ளிப்போட்டாத்தான் ஆபத்து. பாரதி, ரெண்டு கை விரலையும் நல்லா அகட்டிக் காட்டு.

— இந்தாங்க... இடது கைச் சுண்டு விரல் வர மாட்டேங்குது. ஏன்க்கா?

— நரம்பைப் பிடிச்சிருக்கும்னு தோணுது. நாளைக்குக் காலையிலயே போயிடணும்.

— மூணு வாரம் ஜூலியட். மூணே வாரம் பொறுத்துக்கக் கூடாதா? தாலி ஏறட்டும், நானே கூட்டிக்கிட்டுப் போறேன். அதுவரைக்கும் நிறம் தெரியாம எதையாவது பூசிவிடு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

— விடுங்கக்கா, என்ன இது! நிறத்தைப் பூசி மறைச்சுடலாம். விரல் மடங்கிப்போச்சுன்னா அதை எதை வச்சு மறைப்பீங்க?

— அம்மா, எந்திரி. கட்டிக்கப்போறவருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்.

— வேணாண்டி!

— மறைச்சுக் கட்டிக்கிட்டு, அப்புறம் தினமும் அவர் மூஞ்சியில எப்படி முழிக்கறது? வேணான்னா வேணான்னு சொல்லட்டும். அக்கா, எனக்கு எப்படி வந்துச்சு இது? அந்த வாய்க்கால் சேத்துல நின்னதாலயா?

— சேறும் இல்ல, வெயிலும் இல்ல. இந்த நோய்க்கு மருந்து எடுத்துக்காம இருக்கறவங்களோட வருஷக்கணக்கா நெருங்கி இருந்தாத்தான் வரும்னு எங்கப்பா சொல்வாரு. அதனாலதான் வீட்ல உள்ளவங்க எல்லாரையும் வரச்சொல்லிப் பாப்பாங்க.

— எல்லாரும்னா யாரு இருக்கா? அப்பா சிங்கப்பூர்லேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றாரு. வீட்ல நானும் அம்மாவுந்தான். அம்மா, நாளைக்கு நீயும் வந்துடு. ஏம்மா முந்தானையை இழுத்துப் போத்திக்கிற? உனக்கெல்லாம் ஒண்ணும் இருக்காது.

— எனக்கும் முதுகுல இருக்கு பாரதி. ஏழு வருஷமா இருக்கு. உன் கல்யாணம் முடியட்டும்னுதான் யாருக்கிட்டயும் காட்டல.