‘வா’ என்று அடித்தால்

அது செவ்வாயா புதனா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இந்த வாக்குமூலத்தில் என் நினைவை நம்பி எதையும் எழுதிக்கொள்ள வேண்டாம். கணினியில் தேதி இருக்கும்.

பக்கவாதத்துக்குப் பிறகு அண்ணனுக்கு வலது ஆள்காட்டி விரல் மட்டும்தான் சொன்னபடி கேட்டது. போனைப் பிடிக்க முடியாது. காலையில் நானும் மனைவியும் வேலைக்குப் போனால், பகல் பன்னிரண்டுக்கு நர்ஸ் வரும்வரை தனியாக பிரவுசரில் செய்தி படித்துக்கொண்டிருப்பார். கணினி பழுதுபார்ப்பது என் தொழில். முகவரி அடிக்கும் இடத்தில் ஆங்கில எழுத்தில் ‘வா’ என்று அடித்து ஒரே விசையில் விழும்படி மாற்றிவைத்த முக்காற்புள்ளியை (:) வைத்தால், அழைப்புச் செயலி திறந்து என் போன் ஒலிக்கும்படி செய்தேன். திறக்கலாமா என்று பிரவுசர் ஒவ்வொரு முறையும் கேட்டது. அந்தக் கேள்வியையும் நிறுத்தினேன்.

ஒரு நாளைக்கு முப்பது முறை அழைத்தார்.

“டேய், ஃபேன் வேகமா சுத்துது.”

“வந்து குறைக்கட்டுமாண்ணா?”

“வேணாம். சும்மா சொன்னேன்.”

“அவர் ஒத்த விரல்ல கூப்பிட்டா ஓடுறீங்க. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காது கேக்கல” என்று மனைவி சிரிப்பாள். மேலாளர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை பாதியில் எழுந்து போனால் திரும்பி வர வேண்டாம் என்றார்.

அதனால் அந்தச் சொல்லுக்கு வேறொரு செயலியைப் பதிவு செய்தேன். நானே எழுதியது. திறந்ததும் மணி ஒலிக்கும். பிறகு திரையில் ‘வருகிறேன்’ என்று தெரியும். என் போனுக்கு எதுவும் வராது.

பதினோரு நாள் நன்றாகவே போயிற்று. “நீ வராட்டியும், வர்றேன்னு சொல்றதே போதும்டா” என்றார் ஒரு மாலை.

பன்னிரண்டாம் நாள் நாற்காலியில் சரிந்திருக்கிறார். சரியாமல் இருக்க நான் நெஞ்சில் கட்டிவிட்டுப் போன பட்டை கழுத்துக்கு ஏறியிருக்கிறது. கீபோர்டு விரலுக்கு எட்டியது. பத்து இருபது முதல் பதினொன்று ஐந்து வரை அறுபத்து மூன்று முறை அழைத்திருக்கிறார். பிறகு முக்காற்புள்ளிவரை விரல் போகவில்லை போலும். நர்ஸ் கூப்பிட்டு நான் வந்தபோது, புள்ளி இல்லாததால் பிரவுசர் அந்தச் சொல்லைத் தேடி அதற்கு அர்த்தம் காட்டிக்கொண்டிருந்தது.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்த அழைப்புகளின் எண்ணிக்கை என் அலுவலகத் திரையிலும் தெரியும். பத்து நாற்பதுக்குப் பார்த்தேன். முப்பதைத் தாண்டியிருந்தது. சும்மாதான் கூப்பிடுகிறார் என்று மூடிவிட்டேன். அவருக்குத்தான் ஒவ்வொரு முறையும் உடனே பதில் போய்க்கொண்டிருந்ததே.

அண்ணன் இறந்துவிட்டார். மனைவி அவளுடைய அக்கா வீட்டில் இருக்கிறாள். நான் அழைத்தால் எடுப்பதில்லை. என் வேலை போகவில்லை.