ஞாயிற்றுக்கிழமை உயரம்

என் மனைவி கார் நன்றாக ஓட்டுவாள், டாக்டர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போன தடவை வந்தபோது நான் உங்களிடம் வேறு மாதிரி சொன்னேன். நீங்களும் அதை நம்பித்தான் மாத்திரை எழுதினீர்கள்.

இப்போது அவளைப் பத்து நாள் வார்டில் சேர்க்க வேண்டும் என்கிறீர்கள். ரத்தப் பரிசோதனைக்கு நர்ஸ் அவளை அழைத்துப் போயிருக்கிறார். அவள் திரும்பி வருவதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் வார்டுக்கே வேலை இருக்காது என்று நினைக்கிறேன். கொஞ்சம் தொழில் சம்பந்தப்பட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஏர் சஸ்பென்ஷன் உள்ள பெரிய கார்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அந்த வண்டிகளில் இரும்பு ஸ்பிரிங் இருக்காது. சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு ரப்பர் பை, அதற்குள் காற்று. வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது, பாவம். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு சென்சார் இருக்கும். அதையும் சக்கரத்தையும் விரல் நீளத்தில் ஒரு கம்பி இணைக்கும். அந்தக் கம்பி சொல்வதுதான் கம்ப்யூட்டருக்கு வேதவாக்கு. கம்பியைத் திருகி அதன் நீளத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டால், வண்டி அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். தானே காற்றை இறக்கிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடும். தரையோடு தரையாகப் போனால்தான் காருக்கு அழகு என்று நினைக்கிறவர்கள் இதற்காகவே என்னைத் தேடி வருகிறார்கள். கேட்பவர்களுக்கு மட்டும்தான் செய்து கொடுப்பேன். ஒரே ஒரு வண்டிக்குக் கேட்காமலே செய்தேன்.

அவள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய், படுத்துவிட்டவர்களை எழுப்பி நடக்க வைப்பாள். கல்யாணமான புதிதில், காலையில் தலை வாரிக்கொண்டே, "என்னங்க, என்னைக் கொண்டு விட்டுடறீங்களா?" என்று கேட்பாள். கேட்காமலே நான் கிளம்பியிருப்பேன். ஆனாலும் அவள் கேட்கட்டும் என்று செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வழியெல்லாம் ஓயாமல் பேசுவாள். பக்கவாதம் வந்த தபால்காரர் சுவரைப் பிடிக்காமல் சமையலறை வரை போய்விட்டார், அவர் மனைவி அடுப்பை அணைக்க மறந்து அழுதுகொண்டு நின்றாள், இப்படி ஏதாவது. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். 

ஒரு வாடிக்கையாளர் வேண்டாமென்று விட்டுப்போன ஏர் சஸ்பென்ஷன் காரைச் சரிசெய்து அவளுக்குக் கொடுத்தது நான்தான். ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். "பயப்படாத, நான் இருக்கேன்ல" என்பேன். அவள் கையில் வண்டி சீக்கிரமே படிந்துவிட்டது. அதன் பிறகு காலையில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. தோழியோடு சேர்ந்து ஊரின் மறுகோடியில் கிளினிக் திறக்கப் போவதாக ஒரு நாள் சொன்னாள். தாராளமாகச் செய் என்றேன். மனைவியின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கும் ஆண்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. 

வலித்தது, அதை ஒளிப்பானேன். அவள் கார் வாசலை விட்டுப் போகும்போது, எதையோ மறந்து வைத்துவிட்டுப் போகிறாள் என்று தோன்றும். மறந்தது என்னைத்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆகும்.

எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. போட்டவர்கள் தாராள மனசுக்காரர்கள், நல்ல உயரமாகவே போட்டுவிட்டார்கள். நான் நான்கு கம்பிகளையும் அரைச் சுற்று திருகினேன். சில நாள் விட்டு இன்னும் அரைச் சுற்று. தினம் பார்க்கிற பிள்ளை வளர்வது பெற்றவளுக்குத் தெரியாது. கார் தாழ்வதும் அப்படித்தான். ஒரு நாள் சாயங்காலம் வந்து, "என்னங்க, ஸ்பீட் பிரேக்கர்ல வண்டி அடியில இடிக்குது" என்றாள்.

அவள் கண்ணெதிரிலேயே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்கேனரையும் மாட்டிக் காட்டினேன். ஒரு குறையும் இல்லை என்று வந்தது.

"வண்டியில ஒண்ணும் இல்லம்மா. பாரு, கம்ப்யூட்டரே சொல்லுது."

கம்ப்யூட்டர் அப்படித்தான் சொன்னது, டாக்டர். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை, அவளையே கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்டுவேன். அவள் குளிக்கப் போனதும் கம்பிகளைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்து, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் போதும். வண்டி எழுந்து நின்றுகொள்ளும். வேகத்தடை வரும்போது அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு சத்தமும் வராது. "நீங்க ஓட்டுனா மட்டும் எப்படி?" என்பாள். நான் சிரித்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து அவள் துணி மடிக்க உட்கார்ந்ததும் வண்டியை மறுபடி இறக்கிவிடுவேன். வீட்டு வேலை எதிலும் நான் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

"வேற ஒர்க்‌ஷாப்ல ஒரு தடவை காட்டிப் பாரேன்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

"உங்களை விடவா இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிடப் போகுது?" என்றாள். என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதலில் எடைதான் காரணம் என்று நினைத்து, டிக்கியில் இருந்த சாமான்களை இறக்கி வைத்தாள். நோயாளிகள் பிடித்து நடக்கும் ஸ்டாண்டு, மணல் பைகள், எல்லாவற்றையும். பிறகு ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தாள். நான் வற்புறுத்தித்தான் ஊட்டினேன். பிறகு கண்ணில் கோளாறோ என்று சந்தேகம் வந்தது. கண் மருத்துவமனைக்கு நானே கூட்டிப் போனேன். மிகச் சிறிய குறை இருக்கிறது, கண்ணாடி போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி என்றார்கள். போட்டுக்கொண்டாள். அவள் முகத்துக்கு அது நன்றாகவே இருந்தது. 

அதன் பிறகு நோயாளிகள் வீட்டிலும் தன் மேலேயே சந்தேகம் வர ஆரம்பித்துவிட்டதாம். தன் கை அளவாகத்தான் பிடிக்கிறதா, தன் கால் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் யோசித்திருக்கிறாள். ஒரு நாள் தபால்காரர் அவள் பிடியிலிருந்து நழுவி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அவர் இனி நடக்கப்போவதில்லை என்றார்கள். அந்த வீட்டுத் தரை வழவழவென்று இருக்கும், அவளே முன்பு சொல்லியிருக்கிறாள். ஆகவே அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மறுநாள் காலை தெருமுனையில் கார் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டிவிட்டார்கள். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேகத்தடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னால முடியலீங்க. எனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள்.

கதவைத் திறந்து இறக்கிவிட்டேன். சாவியைத் தானாகவே என் கையில் வைத்தாள். நான் கேட்கவில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைக்க மாட்டேன், டாக்டர். அன்றைக்கே கம்பிகளைச் சரிசெய்து வண்டியை உயர்த்திவிட்டேன். நான்தானே இனி ஓட்டப்போகிறேன், அடிப்பாகம் வீணாக அடிபடக் கூடாது.

தோழி வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு கிளினிக்கைத் திறந்துவிட்டாள். இப்போது என் மனைவி எங்கே போவதென்றாலும் என்னைத்தான் கேட்கிறாள். அதிகமாக எங்கும் போவதில்லை. வழியில் பேசுவதும் இல்லை. மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள், தரை சாய்கிறது என்கிறாள். அதை நான் செய்யவில்லை. வீட்டில் நான் எதையும் தொட்டதில்லை, சத்தியமாக. அது அவளாகவே வரவழைத்துக்கொண்டது. அதனால்தான் உங்களிடம் கூட்டி வந்தேன். பொறுப்பில்லாத கணவனாக இருந்தால் வீட்டிலேயே வைத்திருப்பான்.

விஷயம் இவ்வளவுதான். அவள் மூளையில் பழுது இல்லை, காதில் இல்லை, கண்ணிலும் இல்லை. கார் இடித்தது. இடித்ததைத்தான் இடித்தது என்று சொன்னாள். நல்ல நிலையில் இருக்கும் பாகத்தைக் கழற்றிப் பார்ப்பது எங்கள் தொழிலில் கேவலம். தெரிந்தே உங்களை அப்படிச் செய்ய விடுவது நியாயமாகப் படவில்லை. அதுவும் பத்து நாள். வார்டில் கணவன் தங்கக் கூடாது, சாயங்காலம் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று நர்ஸ் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் உங்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டும் என்று தோன்றியது.

வார்டு வேண்டாம் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். மாத்திரை தொடரட்டும். அது போட்டால் அமைதியாக இருக்கிறாள்.

எதற்கு மணியடிக்கிறீர்கள், டாக்டர்? அவளை இப்போது உள்ளே கூப்பிட வேண்டாம். இதை நீங்கள் சொல்லக் கூடாது. பக்குவமாக நானே சொல்கிறேன், கொஞ்ச நாள் போகட்டும். திடீரென்று கேட்டால் அவள் தாங்கமாட்டாள். இந்த நிலைமையில் அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?