மியூசியத்தில் நாகலெட்சுமியின் சேலை

மாலை ஆறரை மணி. இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியா பக்கம், தேயிலை மலைக்கு நடுவே போகும் ஒற்றை ரோடு. பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிறவன் முதுகே தெரியாது... அன்றைக்கு முன்னால் போகவும் ஆளில்லை. நம் வேன்காரன் கஜேந்திரனின் சித்தப்பா அழகுமுத்து மட்டும் குடையோடு போய்க்கொண்டிருந்தார். கிட்ட வாருங்கள், இதைச் சத்தம் போட்டுச் சொல்ல முடியாது.

ரோட்டு முடிவில் ஒரு பழைய லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. குடியிருந்தவர்கள் போனபின் அதைத் தோட்டத்து மியூசியம் ஆக்கியிருந்தார்கள். கவ்வாத்துக் கத்தி, உடைந்த ரேடியோ, எந்தத் துரையோ விட்டுப்போன தொப்பி... பெரிய பொக்கிஷம் போங்கள்! திறப்பதும் பூட்டுவதும் சித்தப்பாவின் வேலை.

உள்ளறையில், கொழுந்து பறிக்கும் பெண்ணாக ஒரு சிமெந்துச் சிலை. அதன் சேலை, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, முதுகுக் கூடை எல்லாம் அவர் மனைவி நாகலெட்சுமியுடையவை. மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனவள். கருமாதி முடிந்ததும் உடுத்திய துணியை ஆற்றில் விடச் சொன்னார்கள். மனுசனுக்கு மனசு வரவில்லை, சிலைக்குக் கொடுத்துவிட்டார். அங்கேதான் தப்பு நடந்தது என்பான் கஜேந்திரன்.

விடிந்தால் மகள் சுலக்ஷனா வந்து அவரைக் கொழும்புக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஊரைவிட்டுப் போகவும் பயம், வெறும் வீட்டில் தனியாகக் கிடக்கவும் பயம். கடைசியாகப் பூட்ட வந்தவர் சிலைக்கு முன்னால் நின்றார்.

"புள்ள கூப்பிடுது லெட்சுமி. போகவா, இருக்கவா? ஒரு வார்த்த சொல்லேன்..."

தகரத்தில் மழைச் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

சொட்... சொட்...

கூரை ஒழுகவில்லை. ஆனால் அறை முழுக்கப் பச்சைக் கொழுந்து வாசம், நனைந்த சாக்கு நாற்றம். படங்கைத் தொட்டார். பிழியலாம் போல ஈரம். செல்போன் வெளிச்சத்தைக் கீழே அடித்தார்.

சிமெந்துக் கால்விரல் இடுக்கில் ஓர் அட்டைப்பூச்சி. வயிறு முட்டக் குடித்து, சுண்டுவிரல் பருமனுக்கு... தொப்பென்று விழுந்தது. கடிவாயிலிருந்து ரத்தம் மெல்லக் கோடிழுத்தது.

நீங்களும் நானுமென்றால் ஓடியிருப்போம். அவர் குந்தி உட்கார்ந்தார். வெற்றிலை சுற்றிய பேப்பரில் ஒரு துண்டு கிழித்துக் கடிவாயில் ஒட்டினார்.

"எத்தன தடவ சொல்றது... அட்டை ஏறாம கால்ல சவுக்காரம் பூசிக்கிட்டு மலைக்குப் போன்னு?"

விரல் பட்டதும், கூச்சத்தில், அந்தக் கால் கொஞ்சம் பின்னால் போனது. அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். பயத்தில் இல்லை.

காலையில் வந்த சுலக்ஷனா அவரை மியூசியத்தில்தான் கண்டுபிடித்தாள். கெஞ்சினாள். அவர் அசையவில்லை.

"அம்மாவ தனியா விட்டுட்டு எப்பிடிம்மா வர்றது?"

"அந்தச் சேலைதானே உங்கள இழுத்துப் பிடிக்குது? அவுத்து ஆத்துல போட்டுட்டு வர்றேன், இருங்க!" என்று உள்ளறைக்குள் போனாள்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. சேலையை எடுக்காமல் வெறுங்கையோடு வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்க இருங்கப்பா..." என்றாள். உள்ளே என்ன நடந்தது என்று இன்று வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளை வேனில் ஏற்றி வந்த கஜேந்திரன்தான் அதைக் கவனித்தான். பஸ்ஸில் ராத்திரி முழுக்க வந்த களைப்பில், விரிந்த தலையோடு உள்ளே போனவள் அவள். வெளியே வரும்போது... எண்ணெய் வழிய, வகிடெடுத்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அம்மா போட்டுவிடுகிற மாதிரி இறுக்கமாக இரட்டைச் சடை.