நாலாவது பொட்டு

உங்கள் ஸ்டேஷன் காபி மோசமில்லை சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் குடித்துக் குடித்து நாக்கு செத்துப்போனவனுக்கு இதுவே தேவாமிர்தம். இன்னொரு டம்ளர் சொல்லிவிடுங்கள். நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளம், தொண்டை வறண்டால் பாதியில் நிற்கும்.

பெயர் ஸ்ரீநிவாசராகவன், வயது ஐம்பத்தாறு, பீர்க்கன்கரணையில் சொந்த வீடு. முடிச்சூர் ரோட்டு ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றதும் பெரிய பட்டாளம் என்று நினைத்துவிடாதீர்கள். போன ஜூன் வரை நான் ஒருத்தன்தான்.

அந்த ஆஸ்பத்திரிக்கு மூளை எது என்று கேட்டால் டாக்டர்கள் தங்களையே காட்டுவார்கள். காட்டிவிட்டுப் போகட்டும், பாவம், அவ்வளவு படித்திருக்கிறார்கள். உண்மையான மூளை முதல் மாடியில், ஏசி போட்ட சின்ன அறையில், இரும்புச் சட்டத்தில் திருகி மாட்டியிருக்கிறது. சர்வர். படுக்கவைத்த தட்டையான பெட்டி, அவ்வளவுதான். யாருக்கு என்ன வியாதி, என்ன ரத்த வகை, எந்த மருந்து ஆகாது, எல்லாம் அதற்குள்ளேதான். முன்பக்கத்துக்கு ஒரு மூடி உண்டு, மூடிக்கு ஒரு பூட்டு. சாவி என் பூணூலில் இருந்தது. நேற்று உங்கள் ஏட்டையா அவிழ்த்து வாங்கிக்கொண்டார். பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், அதற்கு மாற்றுச் சாவி கிடையாது.

மூடியைத் திறந்தால் பச்சை விளக்குகள் வரிசையாக மினுங்கும். விரல் நீளத்துக்கு ஒரு திரை. இடது ஓரம் நீல விளக்கைப் போடும் பொத்தான், வலது ஓரம் பவர் பொத்தான். பவர் பொத்தானை லேசாகத் தொட்டால், சர்வர் எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவைத்துவிட்டுத் தூங்கும். ஐந்து விநாடி விடாமல் அழுத்தினால் அப்படியே மூச்சை நிறுத்திக்கொள்ளும். மறுபடி ஒரு அழுத்து, எழுந்திருக்கும். முழுதாகக் கண்விழிக்கப் பதினோரு நிமிஷம். இந்த ஒரு பொத்தானைக் கற்றுக்கொள்ளத்தான் பட்டப்படிப்பு, மேற்படிப்பு, வெளிநாட்டுச் சான்றிதழ் எல்லாம்.

2015 வெள்ளத்தின்போது அந்தப் பெட்டி கீழ்த்தளத்தில் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நான் ஒருத்தன் அதைத் தலையில் சுமந்துகொண்டு மாடி ஏறினேன். முடிச்சூரில் பாதி ஜனத்துக்கு வீட்டிலிருந்த பழைய மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. அவர்கள் வியாதியின் சரித்திரம் மட்டும் என் தலைமேல் தப்பித்தது. அதற்கு எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள், ஒரு குக்கர் கொடுத்தார்கள். மூன்று லிட்டர். கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன், விசில் நன்றாகவே வந்தது.

ஜூனில் ஸஹானா வந்தாள். ஐ.டி. மேனேஜர், இருபத்தொன்பது வயது. ரொம்ப மரியாதையான பெண். முதல் நாளே, "சார், அந்தப் பழைய பாக்ஸை நம்பிண்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டறது? எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திடலாம். நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கலாம்" என்றாள். மேகத்தில் வைக்கப்போகிறாளாம். மேகத்தை நம்பலாமா என்று முடிச்சூர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னையும் கேட்கவில்லை. கறிவேப்பிலையை எடுத்துப் போடும்போது அதனிடம் யார் அபிப்பிராயம் கேட்கிறார்கள்.

ஜூலையில் ஒரு நாள் சர்வர் தானாகவே நின்றுபோனது. சத்தியமாகத் தானாகத்தான். நாலு மாதமாக என் பக்கம் எட்டிப் பார்க்காத எங்கள் முதலாளி எம்.டி.யே மாடி ஏறி வந்துவிட்டார். "ராகவன் சார், நீங்க இல்லேன்னா நாங்க என்ன பண்ணுவோம்?" என்று கையைப் பிசைந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். விளக்குகள் எரிந்தன. அவர் என் தோளைத் தட்டினார். சார், ஐம்பத்தாறு வயதில் ஒருவர் நம் தோளைத் தட்டினால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் தெரியுமா? அன்று ராத்திரி நான் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நின்றதெல்லாம் தானாக நிற்கவில்லை. ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும், எப்போது எப்படி நின்றது என்று சர்வர் தானாக எழுதிவைக்கும் உள்குறிப்பை அழித்துவிட்டு, யு.பி.எஸ். கோளாறு என்று எழுதினேன். என்னைப் பொறுப்பில்லாதவன் என்று நினைக்க வேண்டாம். ஆக்ஸிஜனையோ டயாலிஸிஸ் மிஷினையோ நான் கனவில்கூடத் தொட்டதில்லை. என் எல்லை அந்த ஒரு பொத்தான்தான்.

ஆயுத பூஜைக்கு வழக்கம்போல் சர்வருக்கும் பொட்டு வைத்தேன். இரண்டு கைப்பிடிகளிலும் ஒவ்வொன்று, நீலப் பொத்தானில் ஒன்று, பவர் பொத்தானில் ஒன்று. சந்தனம் குழைத்து, மேலே குங்குமம். ஸஹானா எட்டிப் பார்த்து, "எலெக்ட்ரானிக்ஸ் மேல ஈரம் படலாமா சார்?" என்றாள். சுண்டலை மட்டும் இரண்டு கப் வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் கிளவுட் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கீழே மீட்டிங், கேக், பிஸ்கட். என்னைக் கூப்பிடவில்லை. மணி பதினொன்று இருபது. மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து.

போன் அடிக்க ஆரம்பித்தது. ரிசப்ஷன், பார்மசி, லேப், அப்புறம் பில் போடுகிற ஆஸ்டின். எல்லோருக்கும் ஒரே பதில், "பாத்துண்டிருக்கேன்." ஐந்தாவதாக எமர்ஜென்சி வார்டு நர்ஸ் தீபா.

"சார், ஜெயக்கொடின்னு ஒரு பேஷன்ட். முடிச்சூர்ல மளிகைக் கடை வெச்சிருக்காங்க. ஜுரத்துல நினைவே இல்ல. ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காதாம், எதுன்னு அவங்க வீட்டுக்காரருக்குத் தெரியல. நம்ம ரெக்கார்டுல இருக்கு. எவ்ளோ நேரம் சார் ஆகும்?"

"பத்து நிமிஷம்மா" என்றேன்.

நான் அப்போதே பொத்தானைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. காரணம் எளிமையானது, ஸஹானா இன்னும் மேலே வரவில்லை. அவள் வந்து கேட்க வேண்டும், அந்தக் கேக் தின்னும் கும்பல் காதில் விழ வேண்டும். அதற்காகத்தானே இத்தனையும்.

ஆறு நிமிஷம் கழித்து தீபாவே படியேறி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. "சார், டாக்டர் இனிமே வெயிட் பண்ண முடியாதுங்கறார். பிரஷர் இறங்கிட்டே போகுது. அந்த ஒரு வரி மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார், ப்ளீஸ்."

"ஆன் ஆயிண்டிருக்கும்மா" என்றேன். அவளுக்குப் பின்னால் சர்வர் இருட்டாக இருந்தது. ஒரு விளக்குகூட எரியவில்லை. அவள் திரும்பிப் பார்த்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷ அனுபவத்தை நம்பிக் கீழே ஓடினாள். நல்ல பெண், பெரியவர்கள் சொன்னால் கேட்பாள்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு ஸஹானா வந்தாள், கூடவே எம்.டி., கூடவே டை கட்டிய இரண்டு பேர். "சார், ப்ளீஸ், உங்களாலதான் முடியும்" என்றாள். அந்த வார்த்தைகளை நான் மாற்றிச் சொல்லவில்லை, அவளையே கேட்டுப் பாருங்கள். நான் பொத்தானை அழுத்தினேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. டை கட்டியவர்களில் ஒருவர் கைதட்டினார்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு எல்லாத் திரைகளும் உயிர் பெற்றன. ஜெயக்கொடியின் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் பென்சிலின் ஆகாது என்று இருந்தது. அழகாக, தெளிவாக, ஒரு எழுத்துக்கூட அழியாமல். நான் காப்பாற்றிய பெட்டியாயிற்றே. அந்த ஊசியை அவருக்குப் போட்டு அப்போது பத்து நிமிஷம் ஆகியிருந்தது. உயிர் போய் நாலு நிமிஷம்.

கீழே போனேன். போகாமல் இருப்பது மரியாதையில்லை. அந்த அம்மாவின் கணவர் துரைராஜ் வராந்தாவில் நின்றிருந்தார். யாரிடம் சொல்கிறோம் என்றுகூடத் தெரியாமல் சொன்னார். "ஒரு ஊசி ஆவாதுன்னு சொன்னேன் சார். பேரு தெர்ல. சீட்டு எல்லாம் வெள்ளத்துல பூட்ச்சு. கம்ப்யூட்டர்ல கீதுன்னு தைரியமா இட்னு வந்தேன். அத்தப் பாக்கறதுக்கு இன்னா சார் அவ்ளோ நேரம்?"

சுமங்கலியாகப் போயிருக்கிறார், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றேன். ரூபாய் நாணயம் அளவுக்குப் பொட்டு வைத்திருந்தார் அந்த அம்மா. அது கலையவே இல்லை.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. பவர் பொத்தானில் வைத்த பொட்டு என் கட்டைவிரலோடு வந்துவிட்டிருந்தது. மற்ற மூன்றும் இருக்க, அது மட்டும் மூளியாக நிற்கலாமா? மேலே போய், டப்பாவில் மிச்சமிருந்த சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, புதிதாக ஒரு பொட்டு வைத்தேன். உள்குறிப்பை ஒரு நிமிஷத்தில் அழித்துவிட்டேன், பொட்டை மட்டும் இரண்டு தடவை துடைத்து வட்டமாக வைத்தேன். பக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியைப் பூட்டுவதற்குள் ஸஹானா வந்துவிட்டாள். அழுதிருந்தாள். தீபாவை சஸ்பெண்ட் செய்யப் போகிறார்கள், ரெக்கார்டு பார்க்காமல் ஊசி போட்டாளாம் என்றாள். நான் உச்சுக்கொட்டினேன். அவள் சர்வரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொரு பொட்டாகத் தொட்டாள். மூன்று காய்ந்து உதிர்ந்தன. நாலாவது அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

"மூணு நாள் முன்னாடி வெச்ச பொட்டு சார். நீங்க எங்க முன்னாடி ஆன் பண்ணும்போதே இந்தப் பொத்தான்ல பொட்டு இல்லை. இப்போ இது மட்டும் எப்படி ஈரமா இருக்கு?"

எத்தனை சான்றிதழ் படித்தவள், கடைசியில் குங்குமத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவள் விரலைப் போட்டோ எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்தாள். தீபா மேல் தப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தியது நான். இருபத்தொரு நிமிஷம் வேண்டுமென்றே எழுப்பாமல் வைத்திருந்தது நான். ஒரு உயிர் அதில் தொங்குகிறது என்று தெரிந்தும் வைத்திருந்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நியாயமாக ஒன்று யோசியுங்கள். நேற்று மத்தியானத்திலிருந்து நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். இன்று காலை நிச்சயம் அந்த சர்வர் படுத்திருக்கும். எம்.டி. தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார். சாவி இங்கே, ஆளும் இங்கே. என்னைத் தேடாமல் அவர்களுக்கு வேறு வழியே கிடையாது. என் போன் உங்கள் மேஜை டிராயரில்தானே இருக்கிறது? கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்.

ஒன்றுகூடவா வரவில்லை? சைலண்ட்டில் இருக்கப்போகிறது சார், நன்றாகப் பாருங்கள்.