வாசலில் நின்று மாணவரை எண்ணியவருக்கு

கெண்டைக்கால் நரம்பு சுருட்டிப் பிடிக்க, குதிகால் கொதிக்க, முழங்கால் இரண்டும் துருப்பிடித்த கீல்களாய் முனக, முப்பதாண்டுக்கு மேலாக எங்கள் கல்லூரியின் கிழக்கு வாசலில் கால்கடுக்க நின்ற காவற்பெருந்தகையே! ஆழ்வார்திருநகரி வயற்சேற்றிலிருந்து ஏறி வந்து எங்கள் தூத்துக்குடி உப்புக் காற்றில் கரையாது நின்ற கருங்கல்லே! ஏடறிந்தவரே, எண்ணறிந்தவரே, எவரையும் எதிர்த்துப் பேசி அறியாதவரே! அலுவலகக் கண்காணிப்பாளர் சங்கரலிங்கம் அண்ணாச்சி அவர்களே! வணக்கம்.

உங்கள் பணி ஓய்வு விழாவில் இம்மடலை வாசித்து முடித்ததும் கண்ணாடி போட்டு உங்கள் கையில் தருவோம். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கப்போகிற எழுத்தில் பொய் இருக்கக் கூடாது என்று அலுவலர் பத்தொன்பது பேரும் கூடி முடிவெடுத்தோம். எங்களில் பாதிப் பேர் உப்பளத்தில் கூடை சுமந்தவர் பிள்ளைகள். மீதிப் பேர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் பிள்ளைகள். தேனொழுகப் புகழ எங்களுக்கு வராது. தெரிந்ததைச் சொல்கிறோம்.

1989இல் பதிவறை எழுத்தராக வந்தீர்கள். முப்பத்தாறு ஆண்டு. தாமதமாய் வந்ததில்லை, தாளைத் தொலைத்ததில்லை, தன் தவற்றைப் பிறர் தலையில் கட்டியதில்லை. மதியச் சோற்றில் பாதியை டி.சி. வாங்க வெளியூரிலிருந்து வந்து பசியோடு நிற்கிற தகப்பன்மாருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "எனக்குச் சுகர் இருக்கு, பாதிதான் திங்கணும்" என்று சொன்னவர். உங்களுக்குச் சுகர் கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இந்நகரத்து மாணவர் போராட்ட வரலாற்றை எழுத யாரேனும் முனைந்தால் அவர் எங்கும் அலைய வேண்டாம். உங்கள் நீல அட்டை நோட்டு ஒன்றே போதும். மொழிக்காக 1965இல் கல்லூரிகள் மூடிக் கிடந்ததைப் பழைய கடைநிலை ஊழியர்களிடம் கேட்டுக் கேட்டு முதற்பக்கத்தில் எழுதினீர்கள். ஈழத்துக்காக 2009இலும் 2013இலும் எம் பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்ததையும், காளைக்காக 2017இல் வகுப்பைவிட்டு இறங்கியதையும், விடுதிச் சாம்பாரில் பல்லி கிடந்ததற்காக மூன்றே மூன்று பேர் தட்டைத் தட்டிக்கொண்டு ஊர்வலம் போனதையும் ஒரே கையெழுத்தில், ஒரே மதிப்போடு பதிந்தீர்கள். நாள், காரணம், முன்னின்றவர், அடிபட்டவர். அதன்பின் இரண்டு எண்கள்: போனவர், வந்தவர்.

அந்த இரண்டு எண்கள் எதனால் வந்தன என்பதை இங்கிருக்கும் இளையவர்களுக்காகச் சொல்லியாக வேண்டும்.

1994 ஆகஸ்டு 12. மாணவரைக் கண்டால் நிற்காமல் பறக்கும் பேருந்துகளை எதிர்த்து மறியல். காலை பத்து மணிக்கு இரண்டாமாண்டு விலங்கியல் மாணவன் மெல்வின், சங்கு குளிக்கிறவர் மகன், பஸ் பாஸ் தாளில் முத்திரை கேட்டு உங்கள் ஜன்னலில் நின்றான். முத்திரை குத்தியது உங்கள் கை. "நிக்காத பஸ்ஸுக்குப் பாஸ் எதுக்குல?" என்று கேட்டீர்கள். "நிப்பாட்டத்தான் அண்ணாச்சி போறோம்" என்று சிரித்துக்கொண்டே போனான். பதினொன்றரைக்குத் தடியடி. பிள்ளைகள் உப்பளத்துக்குள் சிதறி ஓடினார்கள். சிலர் கடல் வரைக்கும் ஓடினார்கள். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. மெல்வின் திரும்பவில்லை என்பது மறுநாள் அவன் வீட்டார் வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. மூன்று நாள் வள்ளம் விட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

அடுத்த போராட்டத்திலிருந்து நீங்கள் வாசலில் நின்றீர்கள். தூணில் சுண்ணக்கட்டியால் ஐந்தைந்தாகக் கோடு. போகும்போது ஒரு கணக்கு, வரும்போது ஒரு கணக்கு. கடைசிப் பிள்ளை உள்ளே வரும் வரை தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அந்தத் தவத்தை நாங்கள் வணங்குகிறோம். ஆனால் அந்த எண்களை இங்கே வாய்விட்டுப் படித்தாக வேண்டும், அண்ணாச்சி.

2009இல் 402 போனார்கள், 403 வந்தார்கள். 2013இல் 518 போய் 519. காளைக்காக முதல்நாள் 640 போய் 641. ஒருமுறைகூடக் குறைந்ததில்லை, ஒருமுறைகூடச் சரியாய் வந்ததுமில்லை. "அண்ணாச்சிக்குக் கண்ணுல பொரை விழுந்துட்டு" என்று வாயிற்காவலர் டிக்சன் கேலி பேசினார். "நீதான் எண்ணிப் பாரேன்ல" என்றீர்கள். போன வருடம் விடுதித் தண்ணீருக்காகப் பிள்ளைகள் போனபோது டிக்சன் ஒருபுறமும், இளநிலை உதவியாளர் சுஜிதா விரலால் அமுக்கி எண்ணும் கருவியோடு மறுபுறமும் நின்றார்கள். போனது 84. வந்தது, இருவர் கணக்கிலும், 85.

முகத்தைப் பார்த்தால் எண்ணிக்கை தவறும், காலைப் பார்த்து எண்ணு என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி சுஜிதா காலைப் பார்த்து எண்ணினார். தார்ச்சாலையில் போய் வந்த கால்கள் எல்லாம் கறுப்புப் புழுதி. நடுவில் ஒரு சோடி, செருப்பில்லாமல், கணுக்கால் வரை வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்து நடந்து வந்ததாம். நிமிர்ந்து பார்த்தால் கூட்டம். "யாருங்க அண்ணாச்சி அது?" என்று கேட்டதற்கு, "எண்ணியாச்சுல்லா, எழுதும்மா" என்று மட்டும் சொன்னீர்கள். சுஜிதா அதற்குப்பின் வாசல் பக்கம் உட்கார மறுத்து, உள்ளறையில் இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். கண்ணால் கண்டதையே நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள்.

இதைவிடப் பெரிது ஒன்று. 2018 மே மாதம், ஊரே துப்பாக்கிச் சூட்டில் உறைந்து கிடந்த நாள்களில், கல்லூரிக்கு விடுமுறை. நீங்கள் மட்டும் எட்டு கிலோமீட்டர் நடந்து வந்து வாசலில் நின்றீர்கள். நோட்டில் உங்கள் எழுத்தில் இருக்கிறது: போனவர் யாருமில்லை. வந்தவர் ஒருவர்.

புகழ்ச்சியை நிறுத்தி உண்மைக்கு வருகிறோம். முப்பது வருடம் தாண்டிய பதிவேடுகளை அடுத்த மாதம் அழிக்க உத்தரவு வந்து, பட்டியல் எடுத்தோம். 1993ஆம் ஆண்டுச் சேர்க்கைப் பதிவேட்டில் மெல்வின் பெயருக்கு நேரே, உங்கள் கையெழுத்தில், "படிப்பை விட்டு நின்றதால் பெயர் நீக்கம், 5.8.1994" என்று இருந்தது. அதாவது மறியலுக்கு ஒரு வாரம் முன்னாலேயே அவன் நம் மாணவன் இல்லை. அந்தப் பதிவை வைத்துத்தான் அன்றைய போலீஸ் அறிக்கையில் அவனை "மாணவரல்லாத வெளியாள்" என்று எழுதி வழக்கை மூடினார்கள். அந்தப் பக்கம் மட்டும் ஈரமாக இருந்தது. வெயிலில் வைத்தோம், காயவில்லை.

டிக்சன்தான் முதலில் கத்தினார்: "ஏளா சுஜிதா, ஆகஸ்டு அஞ்சு பனிமய மாதா திருநாளுல்லா! ஊரே கோயில்ல கெடக்கும். அன்னைக்கு எவன் இங்கன வந்து ஆபீசைத் திறந்தான்?"

உங்களிடம் வந்து கேட்டோம். தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "ஒரு வாரம் முந்தின தேதி போடுன்னாரு பிரின்ஸ்பல். அவரு வெளியூர்க்காரரு, திருநாளு தெரியாது. எனக்குத் தெரியும். போட்டேன்." அச்சத்தால் போட்டீர்களா, என்றாவது ஒருநாள் யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று போட்டீர்களா? இன்றுவரை எங்களுக்குப் புரியவில்லை. உங்களுக்காவது புரிந்ததா என்று கேட்க எங்களுக்குத் தைரியமில்லை.

மெல்வினின் தங்கை பிலோமினா ஆண்டுதோறும் ஆகஸ்டில் நம் ஜன்னலுக்கு வருகிறார். "எங்க அண்ணன் ரவுடி இல்ல சார். படிக்கப் போன பிள்ள. அதை மட்டும் ஒரு தாள்ல எழுதித் தாங்க." நாங்கள் பத்தொன்பது பேரும் முறைவைத்துச் சொன்ன பதில், "பைல் எடுக்கணும்மா, அடுத்த வாரம் வாங்க." போன முறை அவர் சிரித்துவிட்டார். "நீங்க சொல்லுத அடுத்த வாரத்துக்கு இப்ப முப்பது வயசு சார். கல்யாணம் முடிச்சு வச்சிரலாம்." நீங்கள் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தீர்கள். நாங்களும்தான்.

அவரை இன்று நாங்களே அழைத்திருக்கிறோம். பின்வரிசையில், மின்விசிறிக்குக் கீழே, மஞ்சள் சேலையில் இருக்கிறார். எழுதிய கை இன்று மாலை ஐந்து மணிக்கு ஓய்வு பெறுகிறது; எழுதிய ஏடு அடுத்த மாதம் அரவை இயந்திரத்துக்குப் போகிறது. இரண்டும் போய்விட்டால் மெல்வின் என்றென்றைக்கும் வெளியாள்தான். உங்கள் முன்னுள்ள மேசையில், மாலைக்கும் பழத்தட்டுக்கும் நடுவில், பிலோமினா கேட்டதைத் தட்டச்சு செய்த தாள் ஒன்று இருக்கிறது. கண்காணிப்பாளர் என்ற இடத்தில் நீங்கள் ஒப்பமிட்டால், கீழே நாங்கள் அனைவரும் சாட்சி ஒப்பமிடுகிறோம். கல்லூரி முதல்வரிடம் அதைக் கொண்டு போவதும், வருவதை வாங்கிக்கொள்வதும் எங்கள் பாடு.

அண்ணாச்சி! பல்லாண்டு நலமோடு வாழ்க! மூட்டுவலி நீங்கி, முகம் மலர்ந்து, மக்களோடும் பேரப்பிள்ளைகளோடும் தாமிரபரணித் தண்ணீரில் கால் நனைத்து நெடிது வாழ்க! இவ்வாழ்த்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. உங்களை நாங்கள் நேசிக்கிறோம். அதனால்தான் இதை ஊரறிய வாசிக்கிறோம்.

அன்புடனும் வெட்கத்துடனும்,
ஆசிரியரல்லாப் பணியாளர்கள் பத்தொன்பதின்மர்
தூத்துக்குடி, 30.6.2025

பிலோமினாவுக்கு இக்கல்லூரி இன்னும் தர வேண்டியது: 12.8.1994 அன்று மெல்வின் எங்கள் மாணவன் என்ற ஒரு வரி.