பின்வளவு வீடு

ஸல்ஹா: என்ன புள்ள, சட்டிபானையெல்லாம் சாக்குக்குள்ள போகுது?

தங்கேஸ்வரி: ஒண்டுமில்லை ராத்தா... குசினி துப்புரவாக்கிறன்.

ஸல்ஹா: அதுக்கு அம்மியையும் கட்டிறதோ?

தங்கேஸ்வரி: அம்மி... காலில தடக்குது.

ஸல்ஹா: நீ குடிவந்த நாள்ல இருந்து அந்த மூலையிலதான் கிடக்குது. இப்பதான் தடக்குதாக்கும்.

தங்கேஸ்வரி: இந்தக் கதிரையில இருங்கோ ராத்தா. ஒரு கதை சொல்ல வேணும். நாங்கள் வேற வீடொண்டு பாத்திட்டம்.

ஸல்ஹா: வீடோ... எங்க?

தங்கேஸ்வரி: உப்புவெளியில. கடற்கரைப் பக்கம்.

ஸல்ஹா: உன்ர புருஷன் தங்கத்துரைக்கு வேலை துறைமுகத்தில. உப்புவெளியில இருந்து விடியச் சைக்கிள் மிதிக்கப் போறாரோ?

தங்கேஸ்வரி: மிதிப்பார். உடம்புக்கு நல்லதுதானே.

ஸல்ஹா: அவர்ர தொந்தி வண்டியைப் பாத்தா... ஓம், நல்லதுதான்.

தங்கேஸ்வரி: பகிடி விடாதேங்கோ. உங்கட மகள் லைலாவுக்குக் கலியாணம் பேசி முடிஞ்சுது. உங்கட ஆக்கள் மகளுக்கு வீடு குடுத்துத்தானே கட்டிவைக்கிறது. மாப்பிள்ளை வந்து இருக்க இந்தப் பின்வீடு வேணுமெல்லோ.

ஸல்ஹா: அதுக்கு நீ ஏன்...

தங்கேஸ்வரி: பொறுங்கோ, சொல்லி முடிக்கிறன். அண்டைக்கு மேசன் முஹம்மது தம்பி வந்து எங்கட பின்சுவரை அளந்தவர். ஜன்னலால பாத்தனான். இடிச்சுப் பெருப்பிக்கப் போறீங்கள் எண்டு விளங்கீட்டுது.

ஸல்ஹா: ம்... அளந்தவன்தான்.

தங்கேஸ்வரி: அதுதான் முந்திக்கொண்டு சொல்லுறன். எங்களைப் பற்றி யோசிக்காதேங்கோ.

ஸல்ஹா: சரி, யோசிக்கேல்ல. அந்த உப்புவெளி வீடு ஆர்ர?

தங்கேஸ்வரி: கதிரவேல் எண்டு... ஒராள்.

ஸல்ஹா: கரைவலைக்காரக் கதிரவேலோ? கிணறு எப்பிடி?

தங்கேஸ்வரி: நல்ல தண்ணி ராத்தா. இளநீர் மாதிரி.

ஸல்ஹா: அப்பிடியோ. அந்த வளவில கிணறே இல்லை புள்ள. அவர்ர பொஞ்சாதி குடத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கிணத்துக்குப் போறவ.

தங்கேஸ்வரி: இந்தச் சாக்குக் கட்டின கயிறு எங்க போச்சுது...

ஸல்ஹா: என்னைப் பாத்துச் சொல்லு. வீடு பாத்தியோ, பாக்கேல்லையோ?

தங்கேஸ்வரி: பாக்கேல்லை.

ஸல்ஹா: பிறகெங்க போற யோசனை?

தங்கேஸ்வரி: நானும் பிள்ளையளும் கொழும்புக்கு, அக்காவீட்டை. அவர் கூட வேலை செய்யிற ஆக்களோட ஒரு கட்டில் போட்டுப் படுப்பார்.

ஸல்ஹா: அந்தக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பவும் போகப் போறாய்?

தங்கேஸ்வரி: வேற எங்க ராத்தா? ஒரு குழாய்க்கு அந்தத் தோட்டத்து வரிசைவீட்டுச் சனம் முழுக்க வாளியோட நிக்கிற இடம். அடுப்புக்குப் பக்கத்திலதான் பிள்ளைக்கு ஏணை கட்டினனான். அவருக்கு இங்க வேலை கிடைச்சோன்ன அக்கா சிரிச்சவ. வெள்ளைக்காரன் கப்பலையும் கொண்டு போயிட்டான், அங்க மானும் காகமும்தான் மிச்சம் எண்டு.

ஸல்ஹா: மெய்தானே. நேவி போனாப்பிறகு வீடு கேக்க ஒரு குருவியும் வரேல்ல. பூட்டிக்கிடந்த வீட்டில உன்னை வைச்சன். அந்த மானும் இப்ப என்ர கீரைப்பாத்தியிலதான் குடியிருக்குது.

தங்கேஸ்வரி: சிரிக்காதேங்கோ. ஆரும் வேண்டாமெண்ட ஊரிலதான் நாங்கள் மூச்சு விட்டனாங்கள். வளவுக்குள்ள கிணறு, முருங்கை. கரைவலை இழுக்கேக்க கயித்தில கை வைச்சா சட்டிக்கு மீன். வாடகையை ஒருநாளும் கூட்டிக் கேக்கேல்லை நீங்கள். அவர்ர ஒரு சம்பளத்தில பிள்ளையள் எல்லாம் பள்ளிக்கூடம் போகுதுகள். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தநேரம் ஆர் இரவிரவா முழிச்சிருந்தது? அந்த நன்றியை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?

ஸல்ஹா: அழாத புள்ள. பிறகேன் பொய் சொன்னாய்?

தங்கேஸ்வரி: என்னை வா எண்டு கூப்பிட்டவ நீங்கள். உங்கட வாயாலயே போ எண்டு சொல்ல வைக்க எனக்கு மனம் வரேல்லை. இடம் கிடைச்சிட்டுது எண்டா நீங்களும் நிம்மதியா இருப்பீங்கள்...

ஸல்ஹா: நல்ல நிம்மதி. நானும் நாலைஞ்சு நாளா இந்தக் கிணத்தடி மட்டும் வந்து வந்து திரும்பிப் போறன், கண்டனியோ?

தங்கேஸ்வரி: கண்டனான். எங்களை எழும்பச் சொல்ல வாய் வராமத்தான் போறீங்கள் எண்டு விளங்கினது.

ஸல்ஹா: வாய் வரேல்லத்தான். ஆனா அது வேற கதை.

தங்கேஸ்வரி: வேற என்ன?

ஸல்ஹா: லைலாவுக்கு எழுதினது முன்வீட்டை. நான் இருக்கிற வீட்டை.

தங்கேஸ்வரி: முன்வீட்டையோ? அப்ப நீங்கள் எங்க...

ஸல்ஹா: எங்கட உம்மாவும் என்னைக் கட்டிக்குடுத்த அண்டைக்கு முன்வீட்டைத் தந்துபோட்டு இதுக்குள்ளதான் வந்தவ. மௌத்தாகிக் கண்மூடும் மட்டும் இதிலதான் இருந்தவ.

தங்கேஸ்வரி: அப்ப மேசன் அளந்தது...

ஸல்ஹா: இடிக்க இல்லை புள்ள, கதவு வைக்க. நீ விறகு போடுற பின்னறைக்கு வெளியால ஒரு கதவு. எனக்கு ஒரு கட்டிலும் தொழுகைப் பாயும் போட்டாப் போதும், சாப்பாடு மகள்ட குசினியில. குடியிருக்கிற உன்னட்டை வந்து, எனக்கொரு அறை தருவியோ எண்டு கேக்க வெக்கமாக் கிடந்துது... அந்த அம்மியை அவிட்டு வை.