முழுங்குனத நான் பாக்கணும்

இல்ல ஜான்ஹவி சிஸ்டர், அத மொதல்ல அடிச்சிருங்க. இந்த சக்கீனா நேரம் தப்பி மாத்திர சாப்புட்டா, அதான் கிருமி போகலன்னு உங்க ஆராய்ச்சி நோட்டுல எழுதியிருக்கீங்கள்ல, அத. ஆமா, நாந்தான் சொன்னேன். நோன்பு மாசம்லா, காலையில உள்ளத விடியுறதுக்கு முந்தி சஹர் சோத்துக்கே எந்திரிச்சி சாப்புட்டேன். அதான் குத்தம்னு நெனச்சேன். வேற எத நெனைக்க?

டீ ஆறுது, குடிங்க. உம்மா பின்கட்டுல இருக்காவ, காதுல விழாது.

அந்த மாத்திரையில எரிச்சல் நின்னுதான சிஸ்டர் போச்சி? நோன்புப் பெருநாளைக்கு மச்சான் துபாய்லருந்து லீவுல வந்தாவ. ஒரு மாசங்கூட ஆகல, மறுபடியும் அதே எரிச்சல், அதே வலி. இப்படியே போனா புள்ள தங்காதுன்னு டாக்டரம்மா சொன்னப்ப எனக்கு உசுரே இல்ல. புருசனுக்கும் சேத்து மருந்து குடுத்துப் பாப்போம்னு நீங்க சொன்னீங்க. எம் மச்சானுக்கு ஒண்ணுமில்லன்னு உங்ககிட்ட எம்புட்டு சண்ட போட்டேன்! வெக்கமா இருக்கு இப்ப.

தொழுதுட்டு அழுவேன். அல்லாவே, மாத்திர நேரத்த மாத்துனது எந் தப்புதான்னு. மச்சான் பக்கத்துலதான் இருப்பாவ. அழாத ஏளா, அடுத்த தடவ ஒழுங்கா சாப்புடுன்னு தலையத் தடவுவாவ. எந் தலைய!

கேக்கீங்கள்ல, மச்சானுக்கு மாத்திர குடுத்தியான்னு. குடுத்தேன். நேத்து மத்தியானம் சோறு தின்னதும், நீங்க சொன்ன மாதிரி கண்ணு முன்னாலயே. முழுங்கிட்டு மூஞ்சியச் சுளிச்சாவ. அங்கன குடுத்தது இவ்வளவு கசக்கலியேன்னாவ.

எங்கன மச்சான்னு கேட்டேன்.

அப்பந்தான் வாய விட்டுட்டோம்னு அவியளுக்கு ஒறச்சிது. நான் விடாம கேட்டு எல்லாத்தையும் வாங்கிட்டேன். போன வருசம் லீவுக்கு வாரதுக்கு முந்தியே துபாய்ல டாக்டர் இதே சீக்குன்னு சொல்லி மாத்திர குடுத்திருக்காரு. வயித்தப் பொரட்டுதுன்னு பாதியில விட்டுட்டாவளாம். விட்டுட்டு நேரா எங்கிட்டதான் வந்திருக்காவ. எல்லாந் தெரிஞ்சிதான் வந்திருக்காவ சிஸ்டர்.

அவியளா? இங்க இல்ல. காயல்பட்டினத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்லா, வீடு பொண்ணுக்குத்தான், மாப்புளதான் வந்து தங்கணும். பெட்டிய நானே வாசல்ல வச்சிட்டேன். அவிய உம்மா வீட்டுக்குப் போயிருப்பாவ.

மீதி மாத்திரையும் அந்தப் பெட்டிக்குள்ளதான் வச்சேன். முழுங்குறாவளான்னு பாக்க வேற ஆளப் பாத்துக்கோங்க.